ஊருக்குப் போறப்ப வீட்டு மீன் தொட்டியை எப்படி விட்டுட்டுப் போறது: நான் பட்டுத் தெரிஞ்சுகிட்டது

போன வருஷம் மே மாசம் பிள்ளைங்க லீவுக்கு திருச்செந்தூர், கன்னியாகுமரின்னு 8 நாள் போயிட்டு ராத்திரி 11 மணிக்கு தர்மபுரி வந்து வீட்டுக் கதவைத் திறக்குறோம், உள்ள கால் வைக்கும்போதே சாக்கடை நாத்தம். லைட்டைப் போட்டா ஹால்ல இருக்குற தொட்டித் தண்ணி அரிசி களைஞ்ச தண்ணி மாதிரி வெள்ளையா நிக்குது, அடியில கல்லு மேல ஊறிப்போன தீனி, அது மேல பஞ்சு ஒட்டுன மாதிரி பூஞ்சை. 11 மீன்ல 9 போயிடுச்சு. மிச்சம் ரெண்டு கோல்டு ஃபிஷ் மட்டும் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கிட்டு இருந்துச்சுங்க. என் சின்னப் பொண்ணு அன்னிக்கு ராத்திரி சாப்பிடவே இல்ல.

என்ன ஆச்சுன்னா, பக்கத்து வீட்டு அக்காகிட்ட சாவியையும் தீனி டப்பாவையும் குடுத்துட்டு "பாத்துக்கங்க அக்கா"ன்னு ஒரே வார்த்தை சொல்லிட்டுப் போயிட்டேன். அவங்க பாவம் நல்ல மனசு, மீன் கண்ணாடி கிட்ட ஓடி வந்தாலே பசிக்குதுன்னு நினைச்சு ஒரு நாளைக்கு மூணு வேளை போட்டிருக்காங்க, அவங்க பையன் தனியா பொரி வேற போட்டிருக்கான். 4ஆவது நாள் தண்ணி கலங்குதுன்னு போன் பண்ணாங்க, நான் தான் சரியாயிடும்னு சொல்லிட்டேன். 5ஆவது நாள் மாசாந்திர பராமரிப்புன்னு காலைல 9 மணியிலிருந்து சாயங்காலம் வரைக்கும் கரண்ட் இல்ல. கடைசி ரெண்டு நாள் அக்காவும் அவங்க அம்மா ஊருக்குப் போயிட்டாங்க. அவ்ளோதான், முடிஞ்சு போச்சு. அக்கா மேல ஒரு தப்பும் இல்ல, சொல்லாம விட்டது நான்.

அதுக்கப்புறம் கடைக்காரங்க, பல வருஷமா மீன் வளக்குறவங்கன்னு பாக்குறவங்க எல்லார்கிட்டயும் கேட்டு, ஒவ்வொண்ணா செஞ்சு பாத்து, இந்தப் பொங்கலுக்கு 9 நாள் ஊருக்குப் போயிட்டு வந்தேன், புதுசா சேத்த மீனோட மொத்தம் 8 இருந்துச்சு, எட்டும் அப்படியே இருந்துச்சு. புதுசா மீன் வளக்குறவங்க என்னை மாதிரி கஷ்டப்படக் கூடாதுன்னு தான் இதை எழுதுறேன். ஒண்ணை மட்டும் முதல்லயே மனசுல வெச்சுக்கங்க: நாம இல்லாதப்ப வீட்டு மீன் பசியால சாகுறது ரொம்ப அபூர்வம், அதிகமா தீனி விழுந்தும், தண்ணிக்குள்ள போற காத்து நின்னு போயும் தான் சாகுது.

1. எத்தனை நாள்னு கணக்கு போடுங்க

மீனு நம்மள மாதிரி உடம்பைச் சூடா வெச்சுக்கறதுக்குச் சாப்பாட்டை எரிக்கிற ஜீவன் இல்ல, அதனால நல்லா வளந்த ஆரோக்கியமான மீன் சில நாள் தீனி இல்லாமயே தாங்கும். கோல்டு ஃபிஷ், மோலி, ஏஞ்சல், கௌராமி எல்லாம் ஒரு வாரம் வரைக்கும் தாங்கும், ஃபைட்டரை 4, 5 நாள் தைரியமா விடலாம்.

3 நாள் வரைக்கும்னா தீனிக்கு எந்த ஏற்பாடும் வேணாம். யார்கிட்டயும் தீனியைக் குடுக்கவே குடுக்காதீங்க, கரண்டை மட்டும் பாருங்க. 4லருந்து 7 நாள்னா நடுவுல ஒரு தடவை யாராவது கொஞ்சம் போட்டா நல்லது, போடலைன்னாலும் பெரிய மீனுக்கு ஒண்ணும் ஆகாது. 8லருந்து 14 நாள்னா மூணு நாளைக்கு ஒரு தடவை போட ஆள் வேணும், இல்லைன்னா ஆட்டோ ஃபீடர், அதாவது நேரத்துக்குத் தானா தீனி போடுற மிஷின். 2 வாரத்துக்கு மேலன்னா தீனி மட்டும் பத்தாது, நடுவுல தண்ணி மாத்தவும் தெரிஞ்ச ஆள் வேணும்.

இதுல சேராதது குஞ்சுங்க. கப்பி, மோலி குட்டி போட்டிருந்தா அதுங்களுக்கு தினமும் ரெண்டு மூணு வேளை தீனி வேணும், 4 நாள் பட்டினி தாங்காது. மீன் வளக்குற ஃப்ரெண்ட்கிட்ட குடுத்துட்டுப் போங்க. சீக்கு வந்து இப்பதான் தேறுன மீன் இருந்தாலும் அப்படித்தான்.

2. கிளம்ப 2 வாரம் இருக்கும்போதே: புதுசா எதையும் தொட்டிக்குள்ள விடாதீங்க

ஊருக்குப் போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி கடையில அழகா இருந்துச்சேன்னு ஒரு ஜோடி மீன் வாங்கி விட்டுட்டுப் போறவங்க நிறைய பேர். புது மீன் கூட வர்ற வெள்ளைப்புள்ளி நோய் மாதிரி ஏதாவது வெளிய தெரியவே சில நாள் ஆகும், அப்ப நீங்க ரயில்ல இருப்பீங்க. புது மீன், புதுச் செடி, புது ஃபில்டர், புது மருந்து எல்லாத்தையும் திரும்பி வந்து பாத்துக்கலாம்.

வாங்க வேண்டிய சாமானை இந்த வாரத்துலயே வாங்கிடுங்க, ஆன்லைன்ல ஆர்டர் போட்டா வர நாள் ஆகும், வந்ததை ஓட்டிப் பாக்கவும் டைம் வேணும். எனக்கு ஆன செலவு: சார்ஜ் ஏத்துற ஏர் பம்ப் 1100 ரூபா, லைட்டுக்கு டைமர் 450, ஆட்டோ ஃபீடர் 950, தெர்மாமீட்டர் 120, குளோரின் எடுக்குற மருந்து 90, மொத்தம் 2710. இவ்ளோ முடியாதுன்னா ஃபீடரை விட்டுடுங்க, பம்பை விட்டுடாதீங்க. பொட்டலம் மடிச்சு ஆள் வெச்சுப் போடலாம், இன்வெர்ட்டர் இல்லாத வீட்ல காத்துக்கு வேற வழி கிடையாது.

கடையில வெகேஷன் ஃபுட்னு வெள்ளையா கட்டி மாதிரி விப்பாங்க, அதைப் போட்டா கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு மீன் சாப்பிடும்னு சொல்லுவாங்க. நான் ஒண்ணு வாங்கி வீட்ல இருக்கும்போதே போட்டுப் பாத்தேன், மீனுங்க அதைச் சீண்டவே இல்ல, தண்ணி தான் கலங்குச்சு. என்னைக் கேட்டா வேணாம்.

3. ஒரு வாரம் முன்னாடி: ஃபில்டரும் ஃபீடரும்

ஃபில்டர் ஸ்பாஞ்சைச் சுத்தம் பண்றதா இருந்தா இப்பவே பண்ணிடுங்க, கிளம்புற அன்னிக்கு வேணாம். தொட்டியிலருந்து எடுத்த தண்ணியை ஒரு பக்கெட்ல வெச்சு அதுலயே லேசா பிழிஞ்சா போதும். குழாய்த் தண்ணில பளிச்சுன்னு அலசுனா அதுல இருக்குற குளோரின் பட்டு நல்ல பாக்டீரியா எல்லாம் செத்துடும். மீன் கழிவும் மிச்சத் தீனியும் சேந்து அம்மோனியா ஆகும், அந்த பாக்டீரியா தான் அதை நைட்ரைட்டா மாத்தி அப்புறம் நைட்ரேட்டா மாத்துது, முதல் ரெண்டும் மீனுக்கு விஷம், மூணாவது பரவாயில்ல. அந்த வேலைக்காரங்களையே கழுவி ஊத்திட்டு ஊருக்குப் போனா பின்னாடி பாக்க ஆள் இல்ல.

ஆட்டோ ஃபீடர் வாங்கியிருந்தா நேரா தொட்டி மேல மாட்டாதீங்க. ஒரு பேப்பர் தட்டு மேல வெச்சு 5 நாள் ஓட விடுங்க, ஒவ்வொரு தடவையும் எவ்ளோ விழுதுன்னு எண்ணிப் பாருங்க. என்னோடது ஒரு சுத்துக்கு 40 உருண்டைக்கு மேல கொட்டுச்சு, என் மீனுங்களுக்கு 15, 20 தான் தேவை, தீனி விழுற வாயில இருக்குற தகட்டை நகத்தி வாயைக் குறைச்சுக் குறைச்சு வெச்சு நாலாவது நாள் தான் சரியா வந்துச்சு. அவசரத்துல நேரா மாட்டியிருந்தா மறுபடியும் அதே கதை தான். ஃப்ளேக்ஸ் போடாதீங்க, ஈரத்துல ஒட்டிக்கும், சின்ன உருண்டைத் தீனி தான் ஒழுங்கா விழும். காத்துக் குமிழி வெடிக்கிற இடத்துக்கு மேல ஃபீடரை வெச்சா சாரல் பட்டு உள்ள கட்டி ஆயிடும், எதிர் மூலையில வைங்க. பேட்டரி புதுசா போடுங்க. தினமும் போடுற மாதிரி செட் பண்ணாலும் நீங்க வழக்கமா போடுறதுல பாதி போதும்.

4. ரெண்டு நாள் முன்னாடி: தண்ணி

கிளம்புற அன்னிக்குக் காலைல தண்ணி மாத்திட்டு ஓடாதீங்க, ஏதாவது கோளாறுன்னா பாக்க நீங்க இருக்கணும். ரெண்டு நாள் முன்னாடி கால்வாசி, மிஞ்சிப் போனா 30 சதவீதம் மாத்துங்க. மொத்தமா மாத்துறது நல்லதுன்னு நினைக்கிறவங்க இருக்காங்க, அது மீனுக்கு அதிர்ச்சி.

நம்ம ஊர்ல இதுல ஒரு சிக்கல் இருக்கு. பல வீட்ல ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரும் வரும், போர் தண்ணியும் இருக்கும். ஒகேனக்கல் தண்ணில குளோரின் இருக்கும், அதுக்கு மருந்து போடணும், இல்ல ஒரு நாள் பூரா வாய் அகலமான பக்கெட்ல திறந்து வெச்சு குமிழி விடணும். போர் தண்ணி உப்புத் தண்ணி, குழாய் வாயில வெள்ளையா படியுதே அதே தான். ரெண்டும் ரெண்டு ரகம், இவ்ளோ நாள் போர் தண்ணில இருந்த மீனுக்கு ஊருக்குப் போறப்ப நல்லது செய்யறேன்னு திடீர்னு ஒகேனக்கல் தண்ணியை ஊத்தாதீங்க, எதுல பழகிச்சோ அதையே ஊத்துங்க. போர் தண்ணியையும் மோட்டார் போட்ட கையோட ஊத்தக் கூடாது, அடியிலருந்து வர்றப்ப அதுல ஆக்சிஜன் கம்மியா இருக்கும், கொஞ்ச நேரம் வெச்சு ஊத்துங்க.

மருந்து அளவுக்குத் தொட்டி எத்தனை லிட்டர்னு தெரியணும். நீளம், அகலம், தண்ணி உயரம் மூணையும் இஞ்ச்ல அளந்து பெருக்கி 61ஆல வகுங்க. என் தொட்டி 30, 15, 15 இஞ்ச், 110 லிட்டர் வருது, கல்லு கழிச்சா 100ன்னு வெச்சுக்கலாம்.

தண்ணி மட்டம் எங்க நிக்குதோ அங்க கண்ணாடியில ஒரு செலோ டேப் ஒட்டிடுங்க. வெயில் காலத்துல தண்ணி ஆவியாகி இறங்கும், அப்ப வெளிய தொங்குற ஃபில்டர் தண்ணி இழுக்காம வெறுமனே ஓடி மோட்டார் போயிடும். அதனால முடிஞ்ச வரைக்கும் நிறைச்சு வெச்சுட்டுப் போங்க.

5. கரண்ட்: இதுல தான் நிறைய மீன் போகுது

முதல் பொறி நம்ம கையிலயே இருக்கு. ஊருக்குப் போறப்ப கேஸை மூடிட்டு மெயினை ஆஃப் பண்ணிட்டுப் பூட்டுறது நம்ம வீட்டுப் பழக்கம். அவசரத்துல கை தானா போயிடும். வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லுங்க, முக்கியமா பெரியவங்ககிட்ட, வாடகை வீடுன்னா ஹவுஸ் ஓனர்கிட்டயும், ஏன்னா பூட்டுன வீட்ல எதுக்கு கரண்ட்னு அவர் கீழ மீட்டர் பெட்டியில ஆஃப் பண்ணிடலாம். தொட்டி எந்த எம்சிபியில (மெயின் பெட்டியில வரிசையா இருக்குற குட்டி சுவிட்ச்) ஓடுதுன்னு ஒவ்வொண்ணா ஆஃப் பண்ணிக் கண்டுபிடிச்சு, அது மேல "மீன், ஆஃப் பண்ணாதீங்க"ன்னு டேப்ல எழுதி ஒட்டிடுங்க. மத்த எம்சிபியை எல்லாம் தாராளமா ஆஃப் பண்ணலாம்.

ரெண்டாவது மாசாந்திர பராமரிப்பு மின்தடை. எந்தத் துணை மின்நிலையத்துக்கு எந்தத் தேதின்னு முன்கூட்டியே பேப்பர்ல போடுவாங்க. நீங்க போற நாள்ல அது வருதான்னு பாத்து, பாத்துக்கிறவங்ககிட்ட தேதியைச் சொல்லிடுங்க. வெயில் நாள்ல சூடான தண்ணில ஆக்சிஜன் கம்மியாத் தான் கரையும், 25 டிகிரியில லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேல நிக்கும், 32 டிகிரியில 7.3 தான். மீன் நெருக்கமா இருக்குற தொட்டியில பம்பும் நின்னா சில மணி நேரத்துலயே மேல வந்து வாயைப் பிளக்க ஆரம்பிச்சிடும்.

வீட்ல இன்வெர்ட்டர் இருந்தா தொட்டி பிளக் அந்த லைன்ல தான் இருக்கான்னு மெயினை ஆஃப் பண்ணிப் பாருங்க, இருக்கும்னு நம்பிடாதீங்க. ஃபில்டர், ஏர் பம்ப் ரெண்டும் சேந்து 20 வாட் கிட்ட தான் இழுக்கும், வேற எதுவும் ஓடலைன்னா நல்லா இருக்குற 150 ஏஹெச் பேட்டரி ஒரு பகல் முழுக்க தாராளமா தாங்கும். இன்வெர்ட்டர் இல்லாதவங்களுக்குத் தான் சார்ஜ் பம்ப், கரண்ட் போனா தானா ஓடுற ரகமா பாத்து வாங்குங்க. வாங்குனதும் ஒரு தடவை முழு சார்ஜ் ஏத்தி எத்தனை மணி நேரம் ஓடுதுன்னு பாத்துக்கங்க.

லைட்டை டைமர்ல போட்டு ஒரு நாளைக்கு 6 மணி நேரம் எரிய விட்டா போதும், செடி இல்லாத தொட்டின்னா லைட்டே வேணாம். சுத்துற முள்ளு டைமர் கரண்ட் போனா அதுவும் நின்னுடும், அப்புறம் நேரம் தள்ளிப் போகும், லைட்டுக்கு அதனால ஒண்ணும் இல்ல. ஆனா ஃபில்டரையும் பம்பையும் டைமர்ல மாட்டவே கூடாது. ஒயரு தொட்டியிலருந்து நேரா பிளக்குக்கு வராம கீழ ஒரு வளைவு தொங்கி மேல ஏறுற மாதிரி விடுங்க, ஒயர் வழியா வழியுற சொட்டு அங்கயே கீழ விழுந்துடும், சுவிட்சுக்குப் போகாது.

6. பாத்துக்கிற ஆள், பொட்டலம், ஒரு பேப்பர்

தீனி டப்பாவைக் கண்ணுல படாத இடத்துல எடுத்து வைங்க. எத்தனை தடவை போடணுமோ அத்தனை பொட்டலம் மடிங்க, கோயில்ல விபூதி மடிச்சுக் குடுப்பாங்களே அந்த மாதிரி, ஒவ்வொண்ணு மேலயும் தேதி எழுதுங்க. 9 நாளைக்கு நான் மடிச்சது மூணே மூணு பொட்டலம். அக்கா கையில குடுத்தப்ப "இவ்ளோதானா"ன்னு கேட்டாங்க, "இவ்ளோதான் அக்கா, மேல ஒண்ணும் போடாதீங்க, அது கிட்ட வந்து வாலை ஆட்டும், எப்பவும் அப்படித்தான் ஆட்டும்"னு சொன்னேன்.

வாயில சொன்னது மறந்துடும், ஒரு பேப்பர்ல பெருசா எழுதி தொட்டிக்குப் பக்கத்துல ஒட்டுங்க. நான் எழுதுனது இது தான், அப்படியே எடுத்துக்கங்க:

"அக்கா, பொட்டலத்துல இருக்குற தேதி அன்னிக்கு மட்டும் தீனி. பொரி, சாதம், பிஸ்கட் எதுவும் வேணாம். தினமும் ஒரு தடவை வந்து குமிழி வருதா, தண்ணி ஓடுதான்னு பாத்துட்டு 10 செகண்ட் வீடியோ அனுப்புங்க. மீன் எல்லாம் மேல வந்து வாயைத் திறந்து நின்னா உடனே போன் பண்ணுங்க. செத்துக் கிடந்தா சின்ன வலையால எடுத்துடுங்க, விட்டா மத்ததும் போயிடும். டேப்புக்கு ரெண்டு இஞ்ச் கீழ தண்ணி இறங்குனா மட்டும் மூடி போட்ட நீல பக்கெட்ல இருக்குறதை ஊத்துங்க, குழாய்த் தண்ணி வேணாம். தொட்டி பக்கத்துல கொசு மருந்து, கரப்பான் ஸ்ப்ரே அடிக்காதீங்க. சோப்புக் கையைத் தண்ணில விடாதீங்க."

கீழ என் நம்பர், எலக்ட்ரீஷியன் நம்பர், மீன் விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் நம்பர். கொசு மருந்து விஷயத்தைச் சாதாரணமா நினைக்காதீங்க, கொசு, கரப்பான் ஸ்ப்ரே பலதுலயும் இருக்குற பைரித்ராய்டு ரக மருந்து நமக்கு ஒண்ணும் பண்ணலைன்னாலும் மீனுக்குக் கொடிய விஷம். தெருவுல புகை மருந்து அடிக்க வந்தா ஜன்னலை மூடச் சொல்லுங்க.

நீங்க கிளம்புறதுக்கு முந்தி ஒரு தடவை பாத்துக்கிறவங்களை வரச் சொல்லி உங்க கண்ணு முன்னாடியே ஒரு பொட்டலம் போடச் சொல்லிப் பாருங்க. பொட்டலம் போட ஒரு நிமிஷம் தான் ஆகும், ஆனா முதல் தடவை எல்லாரும் தயங்குவாங்க.

ஆளே கிடைக்கலைன்னா சில மீன் கடையில கேட்டா வெச்சுப் பாத்துக்குவாங்க. என்ன கேப்பாங்க, செத்தா யார் பொறுப்புன்னு முன்னாடியே பேசி, மீனைப் போட்டோ எடுத்து, எத்தனை குடுத்தோம்னு எழுதி வாங்கிக்கங்க. கொண்டு போறதுக்கு முந்தின நாள் தீனி போடாதீங்க, கவர்ல மூணுல ஒரு பங்கு தண்ணி, மிச்சம் காத்து.

7. சீசனுக்கு ஏத்த மாதிரி

ஏப்ரல், மே நம்ம பக்கம் வெயில் சொல்ல வேணாம். பூட்டுன வீடு, மேல நேரா மொட்டை மாடி, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தா ஹால் அடுப்பு மாதிரி ஆயிடும். திருடன் வராத மாதிரி கிரில் இருக்குற வெண்டிலேட்டரைத் திறந்து விடுங்க, வெயில் படுற பக்கம் திரை போடுங்க, கண்ணாடி மூடிக்கு பதிலா வலை போட்டா சூடு வெளிய போகும், மீனும் துள்ளி விழாது, பல்லியும் உள்ள விழாது.

மார்கழி, தைல ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் இருக்குறவங்களுக்குத் தான் ஹீட்டர் பிரச்சனை, தர்மபுரியிலயும் ராத்திரி குளிரும். கோல்டு ஃபிஷ்ஷுக்கு வேணாம், ஃபைட்டர், ஏஞ்சல் மாதிரி மீனுக்கு வேணும், லிட்டருக்கு ஒரு வாட் கணக்கு. ஹீட்டர் மேல ஒரு கோடு போட்டிருக்கும், தண்ணி அதுக்குக் கீழ இறங்குனா சூடாகி கண்ணாடி வெடிச்சிடும், அதனால ஹீட்டரைப் படுக்க வெச்சு அடியில மாட்டுங்க.

8. கிளம்புற நாள்

கடைசித் தீனி முந்தின நாள் காலைலயே முடிஞ்சிருக்கணும், 9 நாள் தாங்கணுமேன்னு ஒரு கை அள்ளிப் போட்டுட்டுப் போகாதீங்க. மீன் எண்ணுங்க, எழுதி வைங்க. பிளக் ஆடுதான்னு தொட்டுப் பாருங்க. நீல பக்கெட்டை நிறைச்சு, மருந்து போட்டு, மூடி வெச்சுடுங்க. வாசல்ல செருப்பு போடுறதுக்கு முன்னாடி திரும்பி வந்து குமிழியை ஒரு தடவை பாருங்க, நான் பாத்தப்ப, பேக்கைத் தூக்குனதுல காத்துக் குழாய் கழண்டு கிடந்துச்சு.

9. திரும்பி வந்ததும்

பாசத்துல உடனே தீனி போடாதீங்க. முதல்ல மூந்து பாருங்க, அப்புறம் எண்ணுங்க, மிச்சம் பொட்டலம் இருக்கான்னு பாருங்க. தண்ணி தெளிவா இருந்தா அன்னிக்கு ஒண்ணும் பண்ண வேணாம், மறுநாள் காலைல வழக்கத்துல பாதி தீனி, சாயங்காலம் 20 சதவீதம் தண்ணி மாத்தம், மூணாவது நாள்லருந்து பழையபடி. தண்ணி கலங்கியிருந்தா களைப்பைப் பாக்காம அன்னிக்கு ராத்திரியே அடியில கிடக்குற தீனியை குழாய் வெச்சு உறிஞ்சி எடுத்துட்டு 30 சதவீதம் மாத்துங்க, குமிழியைக் கூட்டுங்க, ரெண்டு நாள் தீனியே வேணாம், தெளியுற வரைக்கும் தினமும் கால்வாசி மாத்துங்க. எனக்கு மே மாசம் மிச்சமான அந்த ரெண்டு கோல்டு ஃபிஷ்ஷும் இப்படித்தான் 6ஆவது நாள் அடியில இறங்கி நீந்த ஆரம்பிச்சுது, இன்னிக்கும் இருக்கு.